பட்டன் வைக்கத் தெரிந்தவள்

வீரமணிக்கு இன்டர்நெட் என்பது ஒரு பட்டன். கம்ப்யூட்டர் திரையின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை ஓடுகிறதே, பேனல் என்பார்கள், அதில் ஆரஞ்சு நிறத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டன். அதை அமுக்கினால் உலகம் திறக்கும். அதை எடுத்துவிட்டால் உலகமே போய்விடும். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஆட்களை மிரட்டியே மண்டி முதலாளியானவனுக்கு இதற்கு மேல் தெரிந்துகொள்ள அவசியம் வந்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவனிடம் கிடையாது.

அந்தப் பட்டனை அவன் எடுக்கச் சொன்னதற்குக் காரணம், அவன் மனைவி பானுமதி சிரித்ததுதான்.

எந்த விவசாயி எத்தனை கிரேடு, அதாவது பிளாஸ்டிக் பெட்டி, தக்காளி இறக்கினான், என்ன விலைக்குப் போனது என்று தினமும் பில் அடிப்பது பானுமதியின் வேலை. மண்டியில் இருக்கும் கணக்குப்பிள்ளையை வீரமணி நம்பமாட்டான். அதனால் கம்ப்யூட்டரை வீட்டு ஹாலில் வைத்து அவளை அதன் முன்னால் உட்காரவைத்தான். சம்பளம் கேட்காத கணக்குப்பிள்ளை, அடித்தாலும் வேலையை விட்டுப் போகாத கணக்குப்பிள்ளை. ஒருநாள் பில் வேலை முடிந்தபிறகு அவள் ஏதோ வீடியோ பார்த்தாள். ஒரு குழந்தையும் ஒரு ஆட்டுக்குட்டியும் ஒரு பிஸ்கட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பானுமதி வாய்விட்டுச் சிரித்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வீரமணி அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பை அவன் ஒருமுறைகூட வரவழைத்ததில்லை. தன் வீட்டுக்குள் தன்னைக் கேட்காமல் ஒருத்தி சந்தோஷமாக இருக்கிறாள் என்றால் அவனுக்கு அது திருட்டு. அன்றைக்கு அவளுடைய செல்போன் சுவரில் மோதி உடைந்தது. அவளுடைய நெற்றியும் அதே சுவரில்தான்.

மறுநாள் காலையில் கலைவாணனைக் கையோடு கூட்டிவந்தான்.

கலைவாணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இளவட்டம். காலனிப் பையன். படியேறும் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு வருவான். அவனுக்கு டீ என்றால் பேப்பர் கப்பில்தான். நெட்டை எடுத்துவிடு என்றான் வீரமணி. லைனை எடுத்தால் கேமரா செல்போனில் தெரியாதே என்று கலைவாணன் தயங்கினான். அது நியாயம்தான். மண்டியில் நாலு கேமரா, வீட்டு ஹாலில் ஒன்று. மண்டியில் உட்கார்ந்துகொண்டே வீட்டுக்கு யார் வருகிறார்கள், இவள் யாரோடு பேசுகிறாள் என்று செல்போனில் பார்ப்பதுதான் வீரமணிக்குப் பொழுதுபோக்கு. அதை விட முடியாது. அப்படியானால் பட்டனை மட்டும் எடு என்றான். கலைவாணன் பட்டன் மேல் மவுஸை வைத்து வலது பக்கம் ஒரு அமுக்கு, அப்புறம் இன்னொரு அமுக்கு. ஆரஞ்சு நிறம் மறைந்தது.

"போயிடுச்சாடா?"

"போயிடுச்சிங்கண்ணா."

நெட்டைத் திறக்கிற பிரவுசர் எங்கேயும் போகவில்லை. மெனுவுக்குள் நாலு படி இறங்கினால் அது பாட்டுக்கு அங்கே இருந்தது. பட்டன் என்பது அதைக் கூப்பிடுகிற ஒரு வாசல், அவ்வளவுதான். ஆனால் தக்காளிக் கிரேடு இழுக்கிற இரும்புக் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறவனிடம், கேட்காத உண்மையைச் சொல்ல யாருக்குத் தலையெழுத்து? கலைவாணன் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மாசம் வீரமணிக்குப் பேங்க் வேலை வந்தது. நெட் வேண்டும். மறுபடி கலைவாணன் வந்தான், பட்டையில் காலியான இடத்தில் மவுஸை வைத்து அமுக்கினான், பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான், பட்டன் வந்து உட்கார்ந்தது. பேங்க் வேலை முடிந்ததும் எடுத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் மாசாமாசம் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வைப்பதற்கு ஒரு கூலி, எடுப்பதற்கு ஒரு கூலி. கலைவாணனும் வாயைத் திறக்கவில்லை. வருகிற வரும்படியை யார் வேண்டாம் என்பார்கள்?

பானுமதி பேப்பர் கப்பில் டீயோடு பின்னால் நின்று அவன் கையைப் பார்த்தாள். மூன்றாம் மாசம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் வீரமணி மண்டிக்குப் போனதும் காலி இடத்தில் மவுஸை வைத்தாள். பட்டன் வந்தது. அமுக்கினாள். உலகம் திறந்தது. அவள் அழுதாள். அதைச் சொல்லாமல் விட முடியாது, மவுஸைப் பிடித்தபடியே தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூடினாள், பட்டனை எடுத்தாள், பட்டையை முன்போலவே காலியாக விட்டாள்.

மெனுவுக்குள் பிரவுசர் இருப்பது அவளுக்கும் தெரியாது. பார்த்துக் கற்றதை மட்டுமே செய்தாள். ஒவ்வொரு முறையும் வைப்பாள், திறப்பாள், மூடுவாள், எடுப்பாள். கேமரா கம்ப்யூட்டர் மேஜைக்கு மேலே, திரைக்குப் பின்சுவரில் இருந்ததால் ஹால் முழுக்கத் தெரியும், திரை தெரியாது. செல்போனில் பார்க்கிறவனுக்கு அவள் பில் அடிப்பதாகத்தான் தோன்றும்.

அப்படித்தான் ஜாஸ்மினைக் கண்டுபிடித்தாள். மொரப்பூர்க்காரி, தர்மபுரிக் காலேஜில் இவளோடு படித்தவள், இப்போது தர்மபுரியில் வக்கீல். பானுமதி எழுதியதையெல்லாம் படித்துவிட்டு ஜாஸ்மின் ஆறுதலாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அடித்ததற்கு என்ன சாட்சி என்றுதான் கேட்டாள். சாட்சியா? முன்பு இரண்டு தடவை பானுமதி புகார் கொடுக்கக் கிளம்பியபோது, மார்க்கெட் பெரிய மனுஷர்கள் வந்து, குடும்பம் என்றால் அப்படி இப்படி இருக்கும் என்று சமாதானம் பேசி, அவளை அதே வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாளுக்கு எல்லாம் காதில் விழும். விழுந்த உடனே டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்வாள். சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

அப்போதுதான் ஜாஸ்மின் ஒரு கேள்வி எழுதினாள். "வூட்டுல கேமரா இருக்குதுன்னியே பானு, அது என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்குது?"

பானுமதி நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். அது தன்னைக் காவல் காக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது அவனையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. கேமராவின் பதிவுகளைப் பிரவுசர் வழியாகவே திறந்து பார்க்கலாம் என்று ஜாஸ்மின் படிப்படியாக எழுதிச் சொன்னாள். பாஸ்வேர்டை வீரமணி ஹாலில் நின்று கலைவாணனிடம் ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருந்தான். அவன் பெயரும் அவன் புல்லட் நம்பரும்.

அவளுக்கு அவசரம் இருந்தது. மகள் ஐஸ்வர்யா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள். அரையாண்டு லீவுக்கு அந்த வாரக் கடைசியில் வரப்போகிறாள். போன லீவில் அம்மாவை அடிக்கும்போது குறுக்கே வந்து நின்ற பிள்ளை மேல் வீரமணி கொக்கியை ஓங்கினான். இறங்கவில்லை, ஓங்கினான். அன்றிலிருந்து பானுமதிக்கு ஒரே ஒரு எண்ணம்தான். என் பெண் இந்த வீட்டுப் படியேறும்போது இவன் இங்கே இருக்கக்கூடாது.

அந்த வார நடுவில் ஒரு சாயங்காலம், பில்லில் பெயரை மாற்றி அடித்துவிட்டாள் என்று வீரமணி அவளைப் பெல்ட்டால் அடித்தான். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில், கேமராவுக்கு நேர் எதிரே. அடிவாங்கும்போது முதல்முறையாக அவள் நகராமல் நின்றாள். திமிரைப் பார் என்று அவன் அதற்கும் சேர்த்து அடித்தான்.

மறுநாள் காலையில் அவன் கிளம்பியதும் பட்டனை வைத்தாள். கேமராப் பக்கத்தைத் திறந்து, அந்தச் சாயங்காலத்தை வெளியே எடுத்தாள். அதைப் பார்க்க முடியவில்லை. சத்தமில்லாத படத்தில் ஒருவன் கை ஏறி ஏறி இறங்க, ஒருத்தி தூண் போல நின்றாள். மெயிலில் சேர்த்து ஜாஸ்மினுக்கு அனுப்பக் கொடுத்தாள். பெரிய பதிவு. நம் ஊர் நெட்டைப் பற்றித்தான் தெரியுமே, நீலக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. கிடைத்த உடனே பதில் போடுகிறேன், ஸ்பீக்கரில் மணி அடிக்கும், அடுத்த நிமிஷம் மகளிர் ஸ்டேஷனுக்குப் போன் செய்வேன் என்று ஜாஸ்மின் சொல்லியிருந்தாள்.

கோடு பாதிக்கு மேல் போயிருக்கும். வாசலில் புல்லட் சத்தம் கேட்டது.

அன்றைக்குப் பெங்களூர் லாரிகள் வரவில்லை. வாங்க ஆளில்லாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். நட்டப்பட்ட விவசாயி வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினான். கமிஷன் போன வீரமணி ஊரை எரிக்கிற கோபத்தோடு வீட்டுக்கு வந்தான். பக்கத்தை மூடினால் அனுப்புவது நின்றுவிடும். சுருக்கிக் கீழே தள்ளினாள். பில் பக்கத்தை முன்னால் கொண்டுவந்தாள். பட்டனை எடுக்க மவுஸை நகர்த்துவதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான்.

செல்போனைச் சார்ஜில் போட டிவி ஸ்டாண்டு பக்கம் போனவன், திரும்பும்போது திரையைப் பார்த்தான். அடிப்பட்டையில் ஆரஞ்சுப் பட்டன்.

கிட்ட வந்து அதன் மேல் விரலை வைத்தான்.

"அவன் எப்ப வந்தான்?" என்றான்.

"யாருங்க?"

"பட்டன் வெக்கிறவன்."

பானுமதிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இவன் கணக்கில் அந்தப் பட்டனை வைக்கத் தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான். பட்டன் இருக்கிறது என்றால் கலைவாணன் வந்திருக்கிறான். அவன் இல்லாத நேரத்தில், அவன் வீட்டுக்குள், அவன் பொண்டாட்டி இருக்கும்போது.

யாரும் வரவில்லை, கேமராவில் பாருங்கள் என்றாள். பின்வாசலில் கேமரா இல்லை, ஹால் கேமராவின் பாஸ்வேர்டும் அவன் கையில்தான், அது தனக்குத் தெரியாதா என்றான். நான்தான் வைத்தேன் என்றாள். அறைந்தான். அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். உனக்கு எப்படித் தெரியும், பொய் சொல்லவும் அவன்தான் கற்றுக்கொடுத்தானா என்று வயிற்றில் மிதித்தான். பிறகு அவளை அப்படியே விட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கொக்கியை எடுத்தான்.

"காலனி நாயி, எங்கூட்டுலயே வந்து பட்டன் வெக்கிறானா? அவன் கைய வெட்டிக் கொண்டாந்து இந்த மேஜ மேல வெக்கிறேன். அப்பறம் ஒனக்கு."

வாசலை நோக்கி நடந்தான்.

தரையில் கிடந்த பானுமதிக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தது. இவன் போய்விட்டால் கோடு நிறைந்துவிடும். மணி அடிக்கும். ஜாஸ்மின் பார்த்துக்கொள்வாள். இவன் பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்பும் நேரம் அவளுக்குத் தாராளம். அவள் கும்பிடாத சாமியெல்லாம் சேர்ந்து கொடுத்த நேரம் அது. அதற்கு விலை, பேப்பர் கப்பில் டீ குடித்துவிட்டு அக்கா நல்லா இருக்குதுங்க என்று சொல்லிப்போகும் ஒருத்தன். அவன் ஒருத்தனோடும் அது நிற்காது. காலனியில் ஒரு வெட்டு விழுந்தால் சாயங்காலத்துக்குள் எத்தனை கூரை எரியும் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தாள்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. அடிபட்ட உடம்பு அப்படித்தான் நினைக்கும்.

"நில்லுங்க," என்றாள். "நான் வெச்சிக் காட்டுறேன்."

வீரமணி வாசற்படியில் நின்றான். திரும்பி வந்து அவளை முடியைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் போட்டான். காட்டு என்றான். அவள் மவுஸைப் பிடித்தாள். பட்டன் மேல் வைத்து அமுக்கினாள், எடுத்தாள். பட்டை காலியானது. காலி இடத்தில் அமுக்கினாள், பட்டியலில் தேர்ந்தெடுத்தாள். பட்டன் வந்து உட்கார்ந்தது. அதன் பக்கத்திலேயே, பில் கட்டத்துக்கு அடுத்து, சுருக்கி வைத்த மெயில் ஒரு கட்டமாகப் படுத்திருந்தது. வீரமணியின் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அவனுக்குப் பட்டன் ஒன்றுதான் தெரியும்.

அவன் முகம் மாறியது. வேறொருத்தன் வந்துபோனான் என்றபோது இருந்த கோபம் அவனுக்குப் பழகின கோபம். இவளே கற்றுக்கொண்டாள் என்பதை எங்கே வைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"எந்த வெரலுடி?"

அவன் அவள் வலது கையை மேஜையில் விரித்து அழுத்தினான். ஆட்காட்டி விரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். குச்சி முறிகிற சத்தம்தான் கேட்டது. பானுமதியின் கத்தல் அதற்குப் பிறகு வந்தது. பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கூடியது. சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று நடுவிரலையும் முறித்தான். பிறகு கொக்கியை இரண்டு கையாலும் தூக்கித் திரையின் மேல் போட்டான். ஒருமுறை, இன்னொருமுறை, மானிட்டர் மேஜையிலிருந்து விழுந்து, தரையில் கிடந்ததை மூன்றாம்முறை. கண்ணாடி சோபா வரைக்கும் தெறித்தது.

கொக்கியை எறிந்துவிட்டு மூச்சு வாங்கினான். "முடிஞ்சிது," என்றான். "இனிமே நீ எப்பிடி வெக்கிறேன்னு பாக்கறேன். சோத்தப் போடு."

சமையலறைக்குப் போய்ப் பலகையில் உட்கார்ந்தான்.

பானுமதி மேஜைக்கு அடியில் பார்த்தாள். சின்ன பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி அங்கே தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. அவன் உடைத்தது முகத்தை மட்டும்தான். பட்டனை எடுத்தால் நெட் போய்விடும் என்று நம்பின அதே மூளை, திரையை உடைத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்பிக்கொண்டு சோற்றுக்குக் காத்திருந்தது. நீலக் கோடு இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு வழியில்லை. ஆனால் அது போய்க்கொண்டிருக்கிறது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் போகும்.

புடவை முந்தானையை வலது கையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் உச்சந்தலை வரை வலித்தன. தட்டை வைத்தாள். இடது கையால் சோற்றை அள்ளிப் போட்டாள்.

"எந்தக் கையில போடற?"

அந்தக் கையில் சோறு போடுவது சாவு வீட்டுக்குக்கூட ஆகாத காரியம். அது அவளுக்கும் தெரியும். வலது கையை ஏன் காணவில்லை என்று அவனுக்கும் தெரியும். தட்டை உதைத்தான். அது சுவரில் மோதிச் சுழன்று நின்றது. பானுமதி சிந்தின சோற்றைக் கூட்டி ஒதுக்கினாள், வேறு தட்டு எடுத்தாள். இந்த முறை முறிந்த கையை மேலே வைத்து இடது கையால் தாங்கிப் போட்டாள். வலியில் கண் இருட்டியது. அவன் திருப்தியாகப் பிசைந்தான்.

அவனை அன்றைக்குப்போல் அவள் என்றைக்கும் கவனித்து உபசரித்ததில்லை. குழம்பு ஊற்றினாள். போதும் என்றபோது ரசம் ஊற்றினாள். நேற்றுப் போட்ட எலுமிச்சை ஊறுகாயை ஞாபகமாக எடுத்துவைத்தாள். மோரில் உப்புக் குறைகிறது என்று திட்டினான். உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். வாங்கிய அடியில் புத்தி வந்துவிட்டது என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு அந்த நிம்மதி வருவது ஒருத்தியை நன்றாக அடித்த பிறகுதான். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமாங்க என்று கேட்டாள். பிச்சையாகக் கேட்பதுபோல் அவள் குரல் அவளுக்கே கேட்டது.

அவன் எழ முழங்காலை ஊன்றினான். ஹாலில், உடைந்த கண்ணாடிக்கு நடுவில், சின்ன ஸ்பீக்கர் மணி அடித்தது.

வீரமணி தலையைத் தூக்கினான். "என்னா சத்தம் அது?"

பானுமதி சோற்றுப் பானையைக் கீழே வைத்தாள். வெளியே வந்தாள். பூனைக்காகச் சமையலறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதைப் போட்டாள்.

உள்ளே அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் அதட்டினான். பிறகு கெட்ட வார்த்தையில் கூப்பிட்டான். பிறகு கதவை உதைத்தான். செல்போன் டிவி ஸ்டாண்டில் சார்ஜில் இருந்தது. ஜன்னலில் கம்பி. அவன் போட்ட கம்பிதான். பானுமதி ஓடலாம் என்று வாசலைப் பார்த்தாள். ரோட்டில் மண்டி ஆட்கள் யாராவது பார்த்தால் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இங்கே கேமரா இருக்கிறது. கேமராவுக்கு முன்னாலேயே நின்றாள்.

அவன் அம்மிக் குழவியைத் தூக்கிவிட்டான் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. மூன்றாவது அடியில் கதவின் நடுப்பலகை பிளந்தது. ஐந்தாவது அடியில் ஒரு துண்டு ஹாலுக்குள் விழுந்தது. ஓட்டை வழியாக அவன் கண் தெரிந்தது, வாய் தெரிந்தது. ஐசு வரட்டும், அவ எதிர்லயே ஒன்னக் கொளுத்துறேன் என்றான். பிறகு கண்ணும் வாயும் போய்க் கை வந்தது. முழங்கை வரைக்கும் வெளியே வந்து, தாழ்ப்பாளைத் தேடித் தடவியது.

பானுமதி தரையில் கிடந்த கொக்கியை இடது கையால் எடுத்தாள். கனமாக இருந்தது. மகள் பெயரை அந்த வாய் சொன்னது காதிலேயே நின்றது. விரல்கள் தாழ்ப்பாளைத் தொட்டபோது ஓங்கி அடித்தாள். கை துடித்தது, உள்ளே போகப் பார்த்தது, பலகைச் சிராயில் மாட்டிக்கொண்டது. மறுபடி அடித்தாள். இத்தனை வருஷத்து அடியில் ஒரு பங்குகூட இல்லை அது. ஆனாலும் அடிக்க அடிக்க அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல் வந்தது, கத்தினாள். உள்ளே வீரமணி அம்மா என்று அலறினான். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவன் குரலில் கேட்பது அதுதான் முதல் தடவை. கேமரா இதையும் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரியும். பார்க்கட்டும். எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கட்டும்.

ஜீப் வந்து நின்றபோது அவள் கொக்கியோடு கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பெண் எஸ்.ஐ. ஒருவரும் இரண்டு போலீஸ்காரப் பெண்களும் இறங்கி வந்தார்கள். அவர்கள் தாழ்ப்பாளைத் திறந்து வீரமணியை வெளியே கொண்டுவந்து, அவன் கையில் துண்டைச் சுற்றி, சுவரோரம் உட்காரவைத்தார்கள். பக்கத்து வீட்டு டிவி அணைந்திருந்தது. தீர்த்தம்மாள் வாசலில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீரமணி அதற்குள் சுதாரித்துவிட்டான். இவளுக்குப் பைத்தியம், என் கையைப் பாருங்கள், ரிப்பேர் பண்ண வருகிறவனோடு கள்ளத் தொடர்பு, தட்டிக் கேட்டதற்கு அடித்துப்போட்டுவிட்டாள் என்று வரிசையாகச் சொன்னான். மார்க்கெட் பெரியவர்களுக்குப் போன் போடச் சொன்னான். வக்கீலம்மா அனுப்பிய வீடியோவைத் தன் போனில் பார்த்தாயிற்று என்றார் எஸ்.ஐ. அது எதையோ வெட்டி ஒட்டியது, வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது என்றான் வீரமணி. அவன் அதைச் சொன்ன தைரியத்தைப் பார்த்து எஸ்.ஐ.யே ஒரு நிமிஷம் யோசித்தார். மூலப் பதிவு எங்கே இருக்கிறது, இங்கே பார்க்க முடியுமா என்று பானுமதியைக் கேட்டார். பார்க்கத் திரை வேண்டும் என்றாள்.

கலைவாணனுக்கு ஆள் போனது. பழைய மானிட்டர் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். வழக்கம்போல் படியில் செருப்பைக் கழற்றப் போனான்; கண்ணாடி குத்தும், போட்டுக்கொண்டே வாப்பா என்றாள் பானுமதி. செருப்புக் காலோடு அந்த ஹாலுக்குள் அவன் வந்தது அதுதான் முதல்முறை. அவள் கையைப் பார்த்தான், தரையில் கிடந்த கொக்கியைப் பார்த்தான். அவனுக்காக அவள் எதைத் தடுத்தாள் என்பது அவனுக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. ஒயரைச் சொருகினான்.

திரை வெளிச்சமானது. பாதி அடித்த தக்காளி பில் அப்படியே நின்றது. அதன் அடியில் கறுப்புப் பட்டை. பட்டையில் அவள் வைத்த இடத்தில் ஆரஞ்சுப் பட்டன்.

சுவரோரம் இருந்து வீரமணி எக்கிப் பார்த்தான். தரையில் நொறுங்கிக் கிடந்த மானிட்டரைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். அன்றைக்கு முதல்தடவையாக அவன் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

"அதத்தான் ஒடச்சிப்புட்டனே," என்றான்.

நான் அமுக்கட்டுங்களா அக்கா என்று கலைவாணன் கேட்டான். வேண்டாம் என்றாள் பானுமதி. மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, பழகாத விரலால் அவளே அந்தப் பட்டனை அமுக்கினாள்.